சுவரில் மாட்டக் கூடாத பலகை: ஒரு வயானா மலுவானா வாங்கிய அனுபவம்

முதலில் விலை, எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். மலுவானா என்பது வயானா என்ற தென் அமெரிக்கப் பூர்வகுடிகள் செய்யும் வட்ட மரப் பலகை. என்னுடையது 45 சென்டிமீட்டர் குறுக்களவு, கையால் செதுக்கி வண்ணம் தீட்டியது, 140 யூரோ. பேரம் பேசவில்லை. "ஒரு தாம்பாளத்துக்கு இவ்வளவா?" என்று வீட்டில் ஒரு வாரம் இதே பேச்சு. இது தாம்பாளம் இல்லை என்று புரியவைக்க நான் பட்ட பாடுதான் இந்த விமர்சனம், அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயமாக இரண்டு மாதம் பிரெஞ்சு கயானாவில், கூரூ என்ற ஊரில் இருந்தேன். நம்முடைய ஜிசாட் செயற்கைக்கோள்களில் பலவற்றை ஆரியான் ராக்கெட் தூக்கிக்கொண்டு போன அதே கூரூ. தென் அமெரிக்காவில் இருந்தாலும் சட்டப்படி அது பிரான்ஸ், செலவாவது யூரோ. ஊர் சின்னது, ஞாயிற்றுக்கிழமை தெருவில் நாய்கூட நடக்காது. அதனால் சனிக்கிழமை விடிந்ததும் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தலைநகர் கயேனுக்குக் கிளம்பிவிடுவோம். அங்கே சந்தையில், லாவோஸிலிருந்து வந்து குடியேறிய மோங் குடும்பங்கள் கீரையும் பச்சைமிளகாயும் விற்கிறார்கள். சமைத்துச் சாப்பிடுகிற தமிழனுக்கு வேறென்ன வேண்டும்?

அப்படிப் போன ஒரு நாள் ஒரு நினைவுப்பொருள் கடைக்குள் நுழைந்தேன். கடையின் பெயர் வேண்டாம். சுவரில் கறுப்புப் பின்னணியில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக, முன்னால் ஒரு தலை பின்னால் ஒரு தலை வைத்த ஏதோ ஒரு பிராணி. பார்த்ததும் பிடித்துவிட்டது. இது என்ன என்று கேட்டேன். "பூர்வகுடிக் கலை, சுவருக்கு அழகு" என்றார் கல்லாவில் இருந்தவர். எந்தப் பூர்வகுடி? உதட்டைப் பிதுக்கினார். ஆறு தனித்தனிப் பூர்வகுடிகள், ஆறு தனித்தனி மொழிகளோடு வாழும் இடத்தில், அவர்கள் பெயரைச் சொல்லிப் பொருள் விற்கிறவருக்கே இதற்குமேல் தெரியவில்லை. பலகையைத் திருப்பிப் பார்த்தால் பிளைவுட். முன்பக்கக் கோடுகளை நகத்தால் தடவினேன், ஒரே வழவழப்பு, அச்சடித்து ஒட்டியது. 60 யூரோ. திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கடைக்கு என் மதிப்பெண் ஒன்று, அதுவும் ஏசி நன்றாக இருந்ததற்கு.

இரண்டு வாரம் கழித்து ஒரு கைவினைச் சந்தையில் நிஜத்தைப் பார்த்தேன். ஒரு மேசை, அதன் பின்னால் நடுவயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் அவருடைய அக்கா மகள். பெண் பிரெஞ்சில் வெளுத்து வாங்கினார். மாமா எங்களிடம் அதிகம் பேசவில்லை, மருமகளிடம் மட்டும் தங்கள் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு பலகையை எடுத்து, படம் பார்ப்பதுபோல் முகத்துக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தேன். அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கி, படுக்கவைத்து, என் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "இப்படி" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். சத்தியமாக அது வேறு பொருள்.

இதன் பெயர் மலுவானா. செய்கிறவர்கள் வயானா மக்கள். அவர்கள் ஊர்களில் துக்குசிபான் என்று ஒரு பெரிய வட்ட வீடு இருக்கும். குடியிருக்கிற வீடு இல்லை, ஊருக்குப் பொதுவானது. விருந்தாளி வந்தால் தங்குவதும், சடங்கு நடப்பதும், கூடிப் பேசுவதும் அங்கேதான். குவிந்த ஓலைக்கூரை, கீழே சுவர் கிடையாது. அந்தக் கூரையின் உச்சியில், நடுக்கம்பம் போய்ச் சேரும் இடத்தில், மலுவானாவைப் படுக்கைவாட்டில் பொருத்துகிறார்கள். கீழே ஊஞ்சல்வலையில் மல்லாந்து கிடக்கிறவனுக்கு வானம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பிராணி தெரியும். அங்கே வைக்கிற பலகை ஒரு மீட்டருக்கும் மேல் அகலம் இருக்கும். என்னுடையது சூட்கேஸுக்குள் அடங்குகிற குட்டி.

மரம் எது என்று கேட்டேன். "குமாக்கா" என்றார். பெண் அதைப் பிரெஞ்சில் சொன்னார், எனக்கு அதுவும் புரியவில்லை, கடைசியில் போனில் படம் தேடிக் காட்டினார். முள் வைத்த அடிமரம், பஞ்சு வெடித்துப் பறக்கும் காய். அட, நம்ம இலவம்! கிளி காத்துக் காத்து ஏமாந்துபோன அதே இலவ மரம். மெத்தைக்குப் பஞ்சு தருவதற்காக நாம் தோட்டத்தில் வளர்க்கிறோம், அதன் சொந்த ஊரில் அது காட்டுக்கே தலைமேல் நிற்கும் ராட்சசன். அவ்வளவு உயரத்தைத் தாங்க அடிமரத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல் பலகை வேர்கள் விடும். அந்தப் பலகை வேரிலிருந்துதான் மலுவானாவை வெட்டி எடுக்கிறார்கள். இயற்கையே பாதி இழைத்துக் கொடுத்துவிட்ட மாதிரி. என் பலகையின் பின்பக்கத்தில் கத்தி போன தடம் வரிவரியாக இன்னும் இருக்கிறது, கனமும் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குக் குறைவு, இலவம் மென்மரம் அல்லவா? நிஜமா போலியா என்று பார்க்க இதுதான் எளிய வழி: முன்பக்கம் மயக்கும், பின்பக்கம் உண்மை சொல்லும்.

பலகையின் முன்பக்கத்தைக் கறுப்பாக்கிவிட்டு, உருவங்களின் ஓரக்கோட்டைக் கீறி, உள்ளே வண்ணம் நிரப்புகிறார்கள். மரபான வண்ணங்கள் களிமண்ணிலிருந்து வருபவை: வெள்ளை, காவி, மஞ்சள். இப்போது கடைப் பெயின்ட் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள், அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். மேசையில் இரண்டு வகையும் இருந்தன, கேட்டதும் மறைக்காமல் பிரித்துக் காட்டினார்கள். நான் மண் வண்ணத்தை எடுத்தேன். அதன் வெள்ளை நம் வாசல் கோலத்துப் பச்சரிசி மாவு வெள்ளைபோல் மங்கலாக, பூசினாற்போல் இருக்கிறது. பெயின்ட் வெள்ளை பாத்ரூம் டைல்ஸ்.

இனி பிராணிகள். கடையில் பார்த்த இரட்டைத்தலைப் பிராணிக்குப் பெயர் குலுவாயாக், ஒரு கம்பளிப்புழு. என் பலகையில் அதோடு முலொக்கொத் என்ற நீர்ப்பூதமும் இருக்கிறது. மீன் மாதிரி உடம்பு, ஆனால் மீனுக்கு இவ்வளவு பல் ஆகாது. இவையெல்லாம் அழகுக்காகக் கற்பனை செய்த படங்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். "அலங்காரமா?" என்று கேட்டதற்கு மாமா சிரித்தார், மருமகள் சிரிக்கவில்லை. இவை ஆற்றிலும் காட்டிலும் மனிதனைத் தின்னக் காத்திருப்பவை, பயப்பட வேண்டியவை. கூடை முடையும் கோலங்களுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. துலுபெரெ என்ற பெரும்பாம்பு ஒன்று, வயானாக்களும் அண்டையிலுள்ள அபலாய் மக்களும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போகும் நீர்வழியை மறித்துக்கொண்டு, போகிறவர்களை விழுங்கிக்கொண்டிருந்ததாம். இரண்டு பக்கத்தாரும் அம்பெய்து கொன்றார்கள். செத்துக் கிடந்த பாம்பின் விலாவில் இருந்த கோலங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் கூடையில் முடையக் கற்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த கதை இது. கொன்றது எதிரியை, எடுத்துக்கொண்டது அவன் சட்டையின் டிசைனை.

பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் இந்தப் பெயர்களை எழுதிக் கொடுத்தார். எனக்கு இந்த 140 யூரோவின் மதிப்பே அந்தக் காகிதத்தில்தான். எழுத்து லத்தீன் எழுத்துதான், ஆனால் சில உயிரெழுத்துகளின் தலையில் இரண்டு புள்ளி. அதில் ஒன்றை எப்படி உச்சரிப்பது என்று நானும் கூட வந்த வடநாட்டு நண்பரும் முயன்றோம். அவருக்கு 'இ'யும் 'உ'வும் மாறி மாறி வந்தது. எனக்கு மூன்றாவது தடவையிலேயே வந்துவிட்டது, ஏனென்றால் அது கிட்டத்தட்ட நம் குற்றியலுகரம். 'பாக்கு', 'ஆறு' என்று சொல்லி முடிக்கும்போது உதட்டைக் குவிக்காமல் விடுகிறோமே, அந்த ஒலி. பள்ளிக்கூடத்தில் குற்றியலுகரத்துக்கு வாங்கிய அடிக்கெல்லாம் கயேனில் வைத்துப் பலன் கிடைத்தது.

ஊருக்கு வந்த பிறகு கொஞ்சம் படித்தேன். 2005-ல் அமெரிக்காவில் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெத்ரோனிலா தவாரிஸ் என்பவர் வயானாவுக்கு முழு இலக்கணம் ஆய்வேடாக எழுதியிருக்கிறார். உயிரொலிகள் ஏழு. வல்லினத்தில் ப, த, க மட்டும், அவற்றுக்குத் தனியாக ஒலிப்புடைய (b, d, g) ஜோடி இல்லை, அதாவது தமிழ் எழுத்து வரிசையைப்போலத்தான். ஒரு வித்தியாசம்: நாம் நடுவில் வரும் ககரத்தைத் தளர்த்துவோம், அவர்கள் தளர்த்துவதில்லை, அதனால்தான் முலொக்கொத் என்று ஒற்றுப் போட்டு எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும்விட என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது 'நாம், நாங்கள்' விவகாரம். கேட்கிறவரையும் சேர்த்துச் சொன்னால் ஒரு சொல், குன்ம என்பதுபோல் ஒலிக்கும். கேட்கிறவரை விட்டுவிட்டுச் சொன்னால் வேறு சொல், எம்னா. பிரெஞ்சுக்காரனுக்கு இரண்டுக்கும் ஒரே சொல். அவனுக்கு இதை விளக்க வேண்டும், நமக்கு வேண்டாம்.

உடனே யாராவது தமிழிலிருந்துதான் வயானா வந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். ஊருக்கு அவர்கள் சொல்லும் சொல் பாத்தா. நம் பட்டி, பேட்டையோடு முடிச்சுப் போட எனக்கும் கை அரித்தது, அடக்கிக்கொண்டேன். வயானா கரீபியக் குடும்பத்து மொழி. கரீபியன் கடலுக்குப் பெயர் தந்த அந்தக் கரீப் மக்களின் கூட்டம். கடலோரத்துக் கலிஞா, பக்கத்துக் காட்டு அபலாய், திரியோ எல்லாம் இதன் உறவுகள். நீருக்குத் துனா, மீனுக்குக் கா, மரத்துக்கு வெவெ. பிரேசிலில் இதற்கு ஹிஷ்கர்யானா என்று ஒரு உறவுமொழி இருக்கிறது. "சோற்றைத் தின்றான் ராமன்" என்று செயப்படுபொருளை முதலில் வைத்து எழுவாயைக் கடைசியில் வைப்பதே அதன் இயல்பான வரிசை. இப்படி ஒரு மொழி உலகத்திலேயே இருக்க முடியாது என்று அறிஞர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, 1970-களில் இந்த மொழிதான் அவர்கள் வாயை அடைத்தது.

இந்த மொழியைப் பேசுகிறவர்கள் பிரெஞ்சு கயானா, சுரினாம், பிரேசில் மூன்று நாட்டையும் சேர்த்தால் இரண்டாயிரம் சொச்சம் பேர். எங்கள் அடுக்ககத்தில் அதைவிட அதிகம். அக்கா மகள் அவ்வளவு நன்றாகப் பிரெஞ்சு பேசியதற்குக் காரணமும் மகிழ்ச்சியானது இல்லை. அவர் படித்த காலத்தில் ஊரில் தொடக்கப் பள்ளி மட்டும்தான். அதற்குமேல் படிக்க மரிபாசூலா என்ற ஊருக்கு, அதற்கும் மேல் கடற்கரை ஊர்களுக்கு, பதின்ம வயதில் அம்மா அப்பாவை விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. "வந்த வருஷம் முழுக்க அழுதேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார்.

விலையை நியாயம் என்று நான் சொல்வதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். மரிபாசூலா, பிரான்ஸிலேயே பரப்பில் மிகப் பெரிய ஊராட்சி, 18,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. கடற்கரையிலிருந்து அங்கே போகச் சாலை கிடையாது. கயேனிலிருந்து சின்ன விமானம், அல்லது நாள்கணக்கில் மரோனி ஆற்றில் படகு. வயானா ஊர்கள் அதற்கும் மேலே, ஆற்றை எதிர்த்து, பாறைகளுக்கு இடையில் படகை நெளித்துக்கொண்டு போக வேண்டும். தலுவென், த்வெங்கே, அந்தெக்குமெ-பாத்தா என்று வரிசையாகக் கரையோர ஊர்கள். கடைசியில் சொன்னதை உண்டாக்கியவர் அந்த்ரே கொன்யா என்ற லியோன் நகரத்துப் பிரெஞ்சுக்காரர். 1961-ல் சாகசம் செய்ய வந்து, ஆற்றில் மூழ்கப் பார்த்தவரை வயானாக்கள் காப்பாற்றினார்கள். அப்புறம் அவர் அவர்களோடேயே சேர்ந்து, அந்தெக்குமெ என்று பெயரும் பெற்று, 2021-ல் சாகும்வரை அந்த ஆற்றுப் பக்கத்து ஆளாகவே இருந்தார். அந்தெக்குமெ-பாத்தா என்றால் அந்தெக்குமெயின் இடம்.

அங்கே நானும் போய்ப் பார்க்கலாமே என்று ஆசைப்பட்டேன். வெளியாட்கள் கண்டபடி உள்ளே போகக் கூடாது என்று 1970-லேயே ஆணை போட்டு அனுமதி முறை கொண்டுவந்தார்கள், காரணம் நோய்கள். ஆனால் அனுமதி கேட்காமல் போனவர்கள்தான் அங்கே அதிகம், சட்டவிரோதமாகத் தங்கம் அள்ளும் கூட்டம். பொன்துகளைத் திரட்டப் பாதரசம் கொட்டுகிறார்கள், அது ஆற்றில் கலந்து மீனுக்கு ஏறுகிறது, பெரிய மீன் சின்ன மீனைத் தின்னத் தின்னச் சேர்ந்துகொண்டே போகிறது. ஐமாரா என்று அவர்களுக்கு உயிரான ஒரு பெரிய மீன் உண்டு, நம் வீட்டில் வஞ்சிரத்துக்கு இருக்கிற மரியாதை அதற்கு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதைத் தொடக் கூடாது என்கிறார்கள் இப்போது. பலகையில் பல்லைக் காட்டும் முலொக்கொத்தை அந்தப் பெண் சுட்டிக்காட்டி, "இப்போது இது தேவையே இல்லை" என்றார்.

மேசையில் வேறு என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மரவள்ளிக்கிழங்கு பிழியும் நீளக் குழல்கூடை ஒன்று, பாம்பு மாதிரி. அவர்கள் வளர்ப்பது நாம் வேகவைத்துத் தின்னும் கிழங்கு இல்லை, கசப்பு வகை, சாற்றில் விஷம். துருவிய கிழங்கை உள்ளே அடைத்துத் தொங்கவிட்டு, கீழே பாரம் கொடுத்து இழுத்தால், குழல் நீண்டு ஒடுங்கி விஷச்சாறு வடிந்துவிடும். திருகாணி, இரும்பு எதுவும் இல்லாத பிழிபொறி. 70 யூரோ, எடுக்காமல் வந்ததை நினைத்து இன்னும் வருத்தம். பிராணி வடிவத்தில் பின்னிய சின்னத் தட்டி ஒன்றும் இருந்தது, பெயர் குனானா. ஏதோ விசிறி என்று எடுத்து வீசிப் பார்த்தேன், மாமா மறுபடி சிரித்தார். சடங்கு நாளில் அதன் கண்ணிகளில் நூற்றுக்கணக்கில் கொட்டும் எறும்புகளை இடுப்பில் மாட்டி நிறுத்தி, அதை அப்படியே வளரிளம் பிள்ளைகளின் உடம்பில் ஒற்றுவார்கள். வெளியார் மராக்கே என்று சொல்வது இதைத்தான், வயானாவில் எபுதோப். விற்பனைக்கு வைத்ததில் எறும்பு இல்லை, பயப்பட வேண்டாம். இறகு வைத்த தலையணி எங்காவது கண்ணில் பட்டால் ஆசைப்படாதீர்கள், மக்கா கிளி இறகு பன்னாட்டு வனவிலங்குச் சட்டத்தில் மாட்டும், விமான நிலையத்தில் பதில் சொல்ல முடியாது.

குறை என்றால் பேக்கிங். இரண்டு தாள் பழைய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். அறைக்கு வந்து நானே லுங்கியில் சுற்றி, இரண்டு சட்டைக்கு நடுவே படுக்கவைத்து அனுப்பினேன். அப்படியும் சென்னையில் பெல்ட்டில் பெட்டி தலைகீழாக வந்து விழுந்ததில் ஓரத்தில் மஞ்சள் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. களிமண் வண்ணம், அடி தாங்காது. வாங்கப் போகிறவர்கள் கையோடு குமிழி பிளாஸ்டிக் உறை கொண்டுபோங்கள். இன்னொன்று, கார்டு எடுக்க மாட்டார்கள், பணம்தான். சுங்கத்தில் "இது என்ன சார், கேரம்போர்டா?" என்று கேட்டதோடு விட்டுவிட்டார்கள்.

வீட்டில் மாட்டுவதுதான் பெரிய கதையாகிவிட்டது. சுவரில் மாட்டினால் அந்தக் கடைக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கூரை நடுவில்தான் வைக்க வேண்டும். ஆனால் நம் வீட்டில் எந்த அறையை எடுத்தாலும் கூரை நடுவில் மின்விசிறி. எலக்ட்ரீஷியன் தம்பி நிமிர்ந்து பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஃபேனைக் கழட்டிட்டு இதை மாட்டணுமா அண்ணே? மே மாசத்துல?" என்றார். கடைசியில் மாடிப்படிக் கூண்டின் கூரையில் இடம் கிடைத்தது, அங்கே விசிறியும் இல்லை, வெயிலும் விழாது. நான்கு கொக்கி, மெல்லிய கம்பி, கூலி 300 ரூபாய். இப்போது படி ஏறுகிறவர்கள் திருப்பத்தில் நிமிர்ந்தால் குலுவாயாக்கின் இரண்டு தலையும் தெரியும். என் மகளுக்கு நான்கு வயது, அந்தத் திருப்பம் வந்தால் மட்டும் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் பிடித்தது செய்தித்தாளுக்கு. ஈரத்துணி போட்டுத் துடைத்துவிடாதீர்கள், மண் வண்ணம் கரைந்து வந்துவிடும், காய்ந்த மெல்லிய தூரிகையால் மாதம் ஒரு தடவை தூசு தட்டினால் போதும். இலவம் மென்மரம் என்பதால் பூச்சி வருமோ என்று எனக்கு ஒரு பயம் இருக்கிறது. இதுவரை இல்லை, வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.